கரையில் நிற்கும் அசையாப் புள்ளிகள்

விசைப்படகில் புதிதாக ஜி.பி.எஸ். பொருத்தினால், ஆன் செய்ததும் நேரே அமைப்புகள் பக்கத்துக்குப் போய் 'டேட்டம்' என்ற வரியைத்தான் பார்ப்பேன். அதில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வேறு பெயர்களும் வரிசையாக வரும். 'இந்தியன்' என்பதும் அவற்றில் ஒன்று. நம் நாட்டுப் பெயராயிற்றே என்று யாராவது அதைத் தேர்ந்து வைத்துவிட்டால், காரைக்கால் கடலில் கருவி காட்டும் இடம் 200 மீட்டருக்கும் மேல் விலகிவிடும். சிக்னல் முழுசாக இருக்கும். செயற்கைக்கோள்கள் பத்துப் பன்னிரண்டு பிடித்திருக்கும். எண்கள் தெளிவாக ஓடும். ஆனாலும் இடம் தப்பு. எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்பது மாறிப்போனதால் வந்த தப்பு அது.

அரசலாற்றங்கரையில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி எனக்குக் கடை. ஒயர்லெஸ், எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ். எல்லாம் பழுது பார்க்கிறேன். அதற்கு முன்பு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பார்த்தேன். அப்பா காரைக்கால்மேட்டில் கட்டுமரம் ஓட்டியவர். இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: கடலில் இருப்பவர் தன் இடத்தைத் தனியாகக் கண்டுபிடித்துவிட முடியாது. இடம் ஏற்கெனவே திட்டமாகத் தெரிந்த ஒன்று, கரையில் எங்கோ அசையாமல் நின்று அவருக்குத் துணை செய்ய வேண்டும். காரைக்கால் வரலாறு என்றால் அம்மையாரை எழுதுகிறார்கள், பிரெஞ்சுக்காரர்களை எழுதுகிறார்கள், 1954 நவம்பர் முதல் தேதி கைமாறிய கதையை எழுதுகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்த ஊர் கடலுக்கும் வானத்துக்கும் ஒரு அளவுப்புள்ளியாக நின்ற கதையும் நம் வரலாறுதான். அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை என்ற ஆதங்கத்தில் நான் எழுதுகிறேன்.

அப்பா காலத்தில் அந்தப் புள்ளிகள் கோபுரங்கள். தெற்கே நாகூர் தர்காவின் பெரிய மினார், 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அவர் பட்டத்துக்கு வந்த 1739ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சுக்காரர்களும் காரைக்காலில் கால் வைத்தார்கள். ஊருக்குள்ளே தேற்றரவு அன்னை ஆலயத்தின் கூர்கோபுரம். நடுவில் தென்னந்தோப்புகள், பனங்கூட்டம், பிற்பாடு வந்த தண்ணீர்த் தொட்டிகள். கரையோரத்துப் பனைக்கு நேர் பின்னால் ஆலயக் கோபுரம் வந்து நின்றால் ஒரு கோடு கிடைத்தது. தெற்கே மினாரும் இன்னொரு தோப்பின் ஓரமும் ஒன்றுசேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் போன வாரம் மீன் பட்டது. பிறகு ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு எத்தனை பாகம் ஆழம் என்று பார்ப்பார். குண்டில் ஒட்டி வந்தது சேறா மணலா என்று தடவிப் பார்ப்பார். மூன்றும் பொருந்தினால் வலை இறங்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. டெல்டாக் கரையில் குன்று என்று சொல்ல ஒன்றும் கிடையாது. 40 மீட்டர் உயர மினாரைக் கட்டுமரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, பூமியின் வளைவு மறைக்காமல் தெரிவது கணக்குப்படி சுமார் 27 கிலோமீட்டர் வரைதான். சித்திரை வெயிலின் மங்கலில் அதில் பாதிகூடத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுத்தமாகத் தெரியாது. ராத்திரியில் நட்சத்திரமும் காற்றும்தான். வாடை எந்தக் கன்னத்தில் படுகிறது, சோழகம் எப்போது எழும்பியது என்பதை வைத்துக் கரை திரும்புவார்கள். அப்படித் திரும்பாமல் போனவர்கள் ஒவ்வொரு மீனவக் குடும்பத்திலும் உண்டு.

கோபுரங்களை அளவுப்புள்ளியாக எடுத்துக்கொண்டவர்கள் மீனவர்கள் மட்டும் இல்லை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் கோணம் பார்த்து மூன்றாவது புள்ளி, அங்கிருந்து நான்காவது புள்ளி என்று முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டே போவதுதான் அவர் முறை. மலை உள்ள இடத்தில் மலையுச்சி கிடைத்தது. காவிரி டெல்டாவுக்கு வந்தபோது எங்கும் தென்னையும் வயலும்தான். உயரம் என்றால் கோயில் கோபுரம் ஒன்றுதான். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட்டைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அரை டன் எடையுள்ள கருவி. கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஆறு வாரத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கருவி பழுது பார்ப்பவன் என்ற முறையில் அந்த ஆறு வாரத்தை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது. நெளிந்த வட்டத்தில் ஒரு கோடு தள்ளிப்போனாலும் அதன்பின் அளக்கும் ஊரெல்லாம் தள்ளிப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், அந்த அளவுகளையும் தன் அளவுகளையும் வைத்து 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு முடித்தார். இந்தியாவின் வரைபடங்களெல்லாம் நெடுங்காலம் அதன்மேல்தான் நின்றன. அதற்கு ஆதாரப் புள்ளி மத்தியப் பிரதேசத்தில் உள்ள கல்யாண்பூர். நான் முதலில் சொன்ன 'இந்தியன்' இதுதான். டபிள்யூ.ஜி.எஸ். 84 பூமியின் மையத்திலிருந்து அளக்கிறது. இரண்டும் இரண்டு தொடக்கங்கள். பரங்கிமலையில் சங்கிலி போட்டு அளந்த காலத்தின் மிச்சம் ஜப்பானில் செய்த ஒரு பெட்டிக்குள், காரைக்கால் படகின் மேல், ஒரு வரியாக இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

கண்ணுக்கு எட்டாததை ரேடியோவால் எட்டலாம் என்பதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, ட்ரான்சிஸ்டரில். மீடியம் வேவ் ரேடியோவைத் திறந்தால் உள்ளே கறுப்பாக, சுண்டுவிரல் தடிமனில் ஒரு ஃபெரைட் தண்டு இருக்கும். அதன்மேல் மெல்லிய செப்புக்கம்பி சுற்றியிருக்கும். அதுதான் ஆண்டெனா. தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சத்தம் நன்றாக வரும். தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் அடங்கிவிடும். திருச்சி வானொலி 936 கிலோ ஹெர்ட்ஸ். காரைக்காலுக்கு அது ஏறக்குறைய நேர் மேற்கு. பெட்டியைக் கையில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பாட்டு செத்துப்போகும். அப்போது பெட்டியின் முனை காட்டும் திசையில் திருச்சி. சென்னை நிலையம் 720 கிலோ ஹெர்ட்ஸ், ஏறக்குறைய நேர் வடக்கு. அதையும் அப்படியே பிடித்தால் இரண்டாவது கோடு. இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கடைக்கு வந்த பையன்களுக்கு இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் அவர்கள் முகம் மலரும். அப்பா பனையையும் கோபுரத்தையும் வைத்துச் செய்ததேதான் இது. கோபுரம் மட்டும் 125 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பொழுது சாய்ந்தபின் இந்த வித்தை சரியாக வராது. வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்வதால் பாட்டு முழுசாக அடங்காது, திசை மங்கிப்போகும்.

கப்பல்களில் இதற்கென்றே வளைய ஆண்டெனா இருந்தது. கலங்கரை விளக்கங்களில் வெளிச்சத்தோடு கூட ரேடியோ சிக்னல் விடும் நிலையங்களும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டெக்கா என்றொரு முறை வந்தது. கரையில் உள்ள நிலையங்களிலிருந்து வரும் அலைகளை ஒப்பிட்டு இடம் சொல்லும். இந்தியாவில் அது பம்பாய்ப் பக்கமும் கல்கத்தாப் பக்கமும் இருந்தது. சோழமண்டலக் கரைக்கு அதன் வீச்சு வரவில்லை.

நம் ஊரையே அளவுப்புள்ளியாக ஆக்கியது புயல்.

1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12: இரண்டு முறையும் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயல்கள் டெல்டாவைப் பிய்த்துப்போட்டன. இடையில் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது. ரேடார் வருவதற்கு முன்பு, கடல் மேல் புயல் இருக்கிறது என்று தெரிந்தாலும், எங்கே இருக்கிறது என்பதைத் தற்செயலாக அந்தப் பக்கம் போன கப்பல்கள் சொன்னால்தான் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் முதல் புயல் கண்டறியும் ரேடாரை 1970இல் விசாகப்பட்டினத்தில் வைத்தது. பிறகு கிழக்குக் கரையில் கொல்கத்தா, பாரதீப், மசூலிப்பட்டினம், சென்னை, காரைக்கால் என்று சங்கிலியாக வளர்ந்தது. அந்த வரிசையின் தெற்கு முனை நம் ஊர். இதை ஊரில் எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

ரேடாரின் வேலை, சொல்வதற்கு எளிது. 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு துடிப்பை அனுப்புகிறது. மழைத்துளிகளில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வருகிறது. 400 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. நேரத்தை அளந்தால் தூரம், தட்டு பார்க்கும் பக்கம் திசை. ஆனால் அந்தத் தூரமும் திசையும் எதிலிருந்து? காரைக்காலிலிருந்து. ரேடாரின் இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் புயலின் இடம் வெறும் ஊகம்.

பழைய ரேடாரில் படம் வண்ணமாக வராது. இருட்டறையில் வட்டத் திரை, அதில் சுற்றி வரும் ஒளிக்கோடு, பளிச்சிட்டு மங்கும் மேகப் பட்டைகள். புயலின் கண் திரைக்குள் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. தூரத்தில் இருக்கும்போது கண் தெரியாது; வெளிப்பட்டைகளில் ஒன்றிரண்டு துண்டுகள்தான் தெரியும். ஏனென்றால் ரேடார் கற்றை நேராகப் போகிறது, பூமி கீழே வளைந்துபோகிறது. 400 கிலோமீட்டரில் கற்றை 9 கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும், தாழ்ந்த மழையெல்லாம் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். அதனால் சுருள்கோடுகள் வரைந்த கண்ணாடித்தாள்களை வைத்திருந்தார்கள். சுருளின் சாய்வு 10 பாகையில் ஒன்று, 15இல் ஒன்று, 20இல் ஒன்று. திரையில் தெரியும் பட்டைத் துண்டின் மேல் ஒவ்வொரு தாளாக வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்தச் சுருளின் நடுவைப் புயலின் மையமாகக் குறிப்பார்கள். மறுபடி பார்த்து மறுபடி குறிப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் புயல் வரும் பாதை. ராத்திரி முழுக்க, வெளியே காற்று கூரையைப் பெயர்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் குனிந்து உட்கார்ந்து கண்ணாடித்தாளைத் திருப்பிக்கொண்டிருப்பார். அவருடைய சொந்த வீடும் அந்தக் காற்றில்தான் இருக்கும்.

1993 டிசம்பர் 4 அன்று காரைக்காலுக்குப் பக்கத்திலேயே புயல் கரை கடந்தது. 2008 நவம்பர் 27 அன்று நிஷா, காரைக்காலுக்கு வடக்கே. காற்றைவிட மழைதான் அதில் கொடுமை. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். அதற்குள் காரைக்காலில் டாப்ளர் ரேடார் வந்துவிட்டது. கரை கடந்த இடம் நம் ரேடாரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். துளி எங்கே இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக நம்மை நோக்கியோ விலகியோ ஓடுகிறது என்பதையும் டாப்ளர் சொல்லும். அந்த ராத்திரி கைப்பேசியில் ரேடார் படத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். படத்தின் நடுவில் இருந்த புள்ளி காரைக்கால்.

இந்த ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. வானிலை மையத்திலிருந்து பலூன் விடுகிறார்கள். உலக வானிலை நிலையங்களின் பட்டியலில் காரைக்காலுக்கு 43346 என்று எண். உலகம் முழுவதும் பலூன் நிலையங்கள் ஒரே நேரத்துக்கு அளக்கின்றன. நம் கடிகாரத்தில் அது காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. வெள்ளைப் பலூன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும். அடியில் நூலில் ஒரு சின்னப் பெட்டி. வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அருகில் பலூன் ஊதிப் பெருத்து வெடிக்கும்.

பலூன் எங்கே போகிறது என்பதுதான் காற்றின் அளவு. முன்பு தியோடலைட்டால் கண்ணால் தொடர்ந்தார்கள், லாம்டன் வைத்திருந்த அதே இனத்துக் கருவி, சிறிய வடிவில். மேகத்துக்குள் போனால் பலூன் தொலைந்தது. அதாவது காற்றின் நிலவரம் அதிகம் தேவைப்படும் மழைநாளில்தான் கண் கைவிட்டது. பிறகு ரேடியோ தியோடலைட் வந்தது. பலூனின் சிக்னல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஆண்டெனாவே திரும்பிப் பார்க்கும். இப்போது பெட்டிக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கிறது. வயலில் விழுந்து கிடந்ததை ஒரு விவசாயி என் கடைக்கு எடுத்து வந்தார், வெடிகுண்டோ என்று பயந்துபோய். கையளவு தெர்மாகோல் கூடு, உள்ளே ஒரு சின்னப் பலகை, கடலைமிட்டாய் அளவில் ஒரு ஜி.பி.எஸ். ஆண்டெனா, வெளியே நாக்கு நீட்டியதுபோல் வெப்பம் உணரும் பட்டை. "பயப்படாதீங்க ஐயா, இது வானத்துல காத்து பார்க்கப் போனது" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கனம்கூட இல்லாததுதான் மழை சொல்லுதா?" என்று கேட்டார்.

அந்தப் பெட்டி மட்டும் போதாது என்பதுதான் விஷயம். இப்படிப்பட்ட கருவிகளில் தரையிலும் ஒரு ஜி.பி.எஸ். இருக்கும். அதன் இடம் முன்கூட்டியே அளந்து தெரிந்தது. அது காட்டும் இடத்துக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த நேரத்து ஜி.பி.எஸ். பிழை. மேலே பறக்கும் பெட்டிக்கும் ஏறக்குறைய அதே பிழைதான். கழித்துவிட்டால் பலூனின் இடம் திருந்திவிடும்.

இடம் தெரிந்த ஒரு புள்ளியையும் செயற்கைக்கோளையும் சேர்த்துக் கணக்குப் போடும் யோசனையின் வேர் 1957 அக்டோபரில் இருக்கிறது. ஸ்புட்னிக் பறந்த சில நாட்களில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் அதன் கீச்சுக் குரலைப் பிடித்தார்கள். நெருங்கும்போது சுருதி ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. தாங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் தெரியும் என்பதால், அந்தச் சுருதி மாற்றத்தை மட்டும் வைத்து ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபிராங்க் மெக்ளூர் அதைத் திருப்பிப் போட்டார்: பாதை தெரிந்தால் கேட்பவரின் இடம் தெரியுமே. 1964இல் அமெரிக்கக் கடற்படைக்கு ட்ரான்சிட் என்ற செயற்கைக்கோள் முறை கிடைத்தது. அதன் பிள்ளைதான் ஜி.பி.எஸ்.; 1978இல் முதல் செயற்கைக்கோள், 1995இல் முழு அமைப்பு.

நம் துறைமுகத்துக்கு முதலில் வந்த ஜி.பி.எஸ். கருவிகளில் படம் கிடையாது. சாம்பல் நிறத் திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டும். மீன் பட்ட இடங்களை நீள நோட்டில் எழுதி வைத்தார்கள். அந்த நோட்டைப் பெண்டாட்டி நகைபோலப் பீரோவில் பூட்டினார்கள். 2000 மே வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் வேண்டுமென்றே கலப்படம் செய்துவந்தது. சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கடை வாசலில் கயிற்றில் கட்டிப்போட்ட படகு திரையில் மட்டும் ஊர்ந்துகொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நிற்காது. படகு உரிமையாளர் மெஷின் கெட்டுவிட்டது என்று சண்டைக்கு வருவார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஊர்தலிலேயே அதற்கு மருந்தும் இருந்தது. கட்டிப்போட்ட படகு நகரவில்லை என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் திரையில் நகர்வது முழுக்கப் பிழைதான். அதே நொடியில் பத்து மைல் தள்ளி வலை இழுக்கும் படகிலும் அதே பிழை, அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு. கரையில் இருப்பவர் அந்தப் பிழையை அளந்து ரேடியோவில் சொன்னால் கடலில் இருப்பவர் கழித்துக்கொள்ளலாம். டி.ஜி.பி.எஸ். என்பது இவ்வளவுதான். உலகெங்கும் கலங்கரை விளக்கத் துறைகள்தான் இதைக் கையில் எடுத்தன, இந்தியாவிலும் அப்படியே. பழைய ரேடியோ விளக்கு நிலையங்களுக்கு உரிய 300 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையில் திருத்தங்கள் போயின. கடலோரம் நூற்றாண்டுகளாக வெளிச்சம் காட்டியவர்களே பிழையையும் சொன்னார்கள் என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

கலப்படம் நின்ற பிறகும் திருத்தம் தேவைதான். நமக்கு அது கூடுதலாகத் தேவை. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில், திருவனந்தபுரம் தும்பாவுக்கு அருகில் போகிறது. அந்தப் பகுதியின் மேல் அயனி மண்டலம், அதாவது மேல்வானத்தின் மின்னேற்றப் படலம், அடர்த்தி. பொழுது சாய்ந்தபின், குறிப்பாகப் பங்குனியிலும் ஐப்பசியிலும், கொந்தளிக்கும். சிக்னல் அதைக் கடந்து வரும்போது தாமதமாகிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதம் என்றால் 300 மீட்டர் பிழை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்திய கணக்கு நமக்குப் பொருந்தவில்லை. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் திட்டத்துக்கு இந்திய வானத்துக்கென்றே தனிக் கணக்கு எழுதினார்கள். நாடு முழுக்க 15 ஆதார நிலையங்கள்: திருவனந்தபுரம், பெங்களூரு, போர்ட் பிளேர், கொல்கத்தா, ஜம்மு, குவஹாத்தி என்று. ஒவ்வொன்றும் தன் இடம் தெரிந்து, பிழையை அளந்து, பெங்களூருவுக்கு அனுப்பும். அங்கிருந்து ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தம் இறங்கும். 2013 டிசம்பர் 30 அன்று அதற்குச் சான்றிதழ் கிடைத்தது. விமானங்களுக்காகச் செய்தது. ஆனால் ககனைப் படிக்கத் தெரிந்த கருவி எந்தப் படகில் இருந்தாலும் பலன் உண்டு.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி, கேரளக் கரை மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். இடம் அவர்களுக்குத் தெரியும், எச்சரிக்கைதான் போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசி வெறும் டார்ச் லைட். அதன் பிறகு 2019இல் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தன. ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையும் மீன்வள இடங்களும் படகுக்கு வரும். வருவது மட்டும்தான், படகிலிருந்து ஒரு வார்த்தை திருப்பி அனுப்ப முடியாது. இது பாதிக் கிணறு என்று நான் அப்போதே சொன்னேன். இருவழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அதை ஃபைபர் படகுக்காரர்களுக்கும் தட்டாமல் கொடுக்க வேண்டும். சின்னப் படகுதான் அதிகம் கவிழ்கிறது.

கடைசியாக, எல்லைக்கோடு. 1974இல் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டன. முதல் புள்ளி வடக்கு 10 பாகை 05 நிமிடம், கிழக்கு 80 பாகை 03 நிமிடம். காரைக்காலிலிருந்து தெற்கே சுமார் 50 கடல்மைல். கையெழுத்தான அன்று எங்கள் கரையில் எந்தக் கட்டுமரக்காரரும் அந்தப் புள்ளியைக் கடலில் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே பனையும் இல்லை, மினாரும் இல்லை. இன்று திரையில் அது தெரிகிறது. ஆனால் வலை விட்டு எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்கள் கண்ணயர்ந்தால், மணிக்கு ஒரு கடல்மைல் நீரோட்டம் போதும், விடிவதற்குள் படகு ஆறு மைல் தள்ளிப்போய்விடும். எல்லை தாண்டியதாகக் கைதான படகுகளைப் பற்றிய செய்தியில் காரைக்கால் பெயர் வரும்போதெல்லாம் கடையில் பேச்சு நின்றுபோகும். அந்த ஆறு புள்ளிகளையும் நான் கையாலேயே ஒவ்வொன்றாக ஏற்றி, எல்லைக்கு மூன்று மைல் முன்பே அலாரம் அடிக்கிற மாதிரி வைத்துக் கொடுக்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. ஏற்றி முடித்ததும் டிரைவரை உட்கார வைத்து, டேட்டம் வரியைக் காட்டி, இதைத் தொடாதே தம்பி என்று சொல்லி அனுப்புவேன்.

இந்த ஊரில் புயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள், பலூன் விட்டவர்கள், பணி ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டி இருக்கிறார்கள். மருந்துக் கடையிலும் மீன் அங்காடியிலும் அவர்களைப் பார்க்கிறோம். சுருள்கோட்டுத் தாளை எப்படித் திருப்பினார்கள், எந்தப் புயலில் மின்சாரம் போனது, ஜெனரேட்டரை யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தாள்களில் ஒன்றும், பழைய வட்டத் திரைகளில் ஒன்றும், ஒரு பலூன் பெட்டியும் காரைக்காலில் பிள்ளைகள் வந்து பார்க்கிற ஓர் அறையில் வைக்கப்பட வேண்டும். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்பினால் போதும். எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் கூட்டிப் போகிறேன்.